ஐம்பத்தெட்டு கிலோ

அரைக் கிலோ டம்பெல்லைப் பத்துத் தடவை தூக்கி இறக்குவதற்குள் டீச்சருக்கு வியர்த்துவிட்டது. வேலையை விட்டுப் பதினொரு வருடம் ஆகியும் பிசியோதெரபி அறையில் அவருக்கு அதுதான் பெயர்.

“முதல் நாளுக்கு இது போதும் டீச்சர். உங்க எலும்பு சாக்பீஸ் மாதிரி இருக்கு. மெதுவாத்தான் ஏத்தணும்” என்றான் பிசியோதெரபிஸ்ட்.

“அம்பத்தெட்டு கிலோ எப்போ தம்பி தூக்குவேன்?”

அவன் சிரித்துவிட்டான். “எதுக்கு, போட்டிக்குப் போறீங்களா? இந்த ஜென்மத்துல நீங்க ரெண்டு கிலோவைத் தாண்டக் கூடாது.”

அடுத்த மாதம் ஒரு கிலோவுக்கு வந்தார்.

“அம்பத்திரெண்டு தூக்கினா போதும் தம்பி.”

நான்காம் மாதம் ஒன்றரைக் கிலோ.

“இப்போ நாப்பத்தாறுதான்.”

“அப்பாடா, நீங்களே எறங்கி வர்றீங்க! இப்படியே ஆசையைக் குறைச்சுக்கிட்டே வாங்க” என்று கைதட்டினான் அவன்.

வீட்டில், விபத்துக்குப் பிறகு இடுப்புக்குக் கீழே அசைவில்லாத மகன் கட்டிலில் கிடந்தான். தூக்கி உட்கார வைக்க ஆளில்லாததால், பக்கத்திலிருந்த சக்கர நாற்காலியில் துவைத்த துணிகள் குவிந்திருந்தன.

“இன்னைக்கு எவ்ளோம்மா தூக்கினே?”

“ஒண்ணரை.”

“நீ ஏறிக்கிட்டே வா, நான் எறங்கிக்கிட்டே வர்றேன். என்னைக்காவது அந்த நாற்காலியில உக்காந்துடுவேன்.”

பாதிச் சாப்பாட்டோடு தட்டைத் தள்ளினான்.

‘இன்னும் ஒரு வாய்’ என்று போன மாதம் வரை கெஞ்சியவர், இன்று தட்டை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினார்.