நவமணிக்கு வந்த அழைப்பு

ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம் வந்ததும் நவமணி எழுந்து நின்றாள்.

"சபையாருக்கு ஸ்தோத்திரம். பத்து காஜா ஊர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குச் சேவை செய்யும்படி ஆண்டவர் என்னை அழைத்திருக்கிறார்."

பின்னாலிருந்து யாரோ "அல்லேலூயா" என்றார்கள். முன்வரிசையில் அப்பாவின் முகம் சுருங்கியது. பெண்கள் பக்கம் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பக்கத்தில் இருந்தவர்கள் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள்.

சொன்னது முழுப் பொய் இல்லை என்று நவமணி தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். அழைப்பு வந்தது உண்மை. அது தோழி சொர்ணத்தின் வாய்வழியாக வந்தது, அவ்வளவுதான்.

நவமணி ஈப்போவில் சீனியர் கேம்பிரிட்ஜ் வரை படித்தவள். அப்பா லகாட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. பரீட்சை முடிவு சீமையிலிருந்து கப்பலில் வருவதற்குள் ஜப்பான்காரன் படையோடு சைக்கிளில் வந்து நாட்டைப் பிடித்துவிட்டான். அரிசி கண்ணில் படாமல் போயிற்று. டாக்டராவதா, டீச்சராவதா என்று வீட்டையே இரண்டாக்கியவளுக்கு இப்போது ஒரே கேள்விதான். மரவள்ளிக்கிழங்கு இன்றைக்கு அவித்ததா, சுட்டதா?

அந்தச் சமயத்தில்தான் சித்தியவானிலிருந்து வரன் வந்தது. உபதேசியார். நாற்பத்தைந்து வயது. மனைவியை இழந்தவர். மூன்று பிள்ளைகள்.

"வயசுப் பிள்ளையை வச்சிக்கிட்டு எத்தனை நாளைக்குப் பயந்துகிட்டு இருக்கறது? எவனாவது சிப்பாய் கண்ணுல பட்டா என்ன ஆகும்?" என்றார் அப்பா. "தங்கமான மனுஷன். ரெண்டு துண்டு வயல் இருக்கு. நெல்லு போட்டிருக்காரு."

உபதேசியார் பெண் பார்க்க வந்தார். முதலில் அவருடைய வழுக்கைதான் நவமணியின் கண்ணில் பட்டது. பிறகு அவர் கொண்டுவந்த புது அரிசி அடுப்பில் கொதித்தது. அந்த மணம் கூடத்துக்கு வந்து சேர்ந்தபோது வழுக்கை அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டபோது அவருக்கு முடி இருப்பது மாதிரிகூடத் தெரிந்தது.

"யோசிச்சுச் சொல்றேம்பா" என்றாள். யோசனை பாதிக்கு மேல் முடிந்துவிட்டிருந்தது.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அப்பா எதிரில் அம்மா எப்போதும் ஒன்றும் சொல்வதில்லை.

இரண்டு நாள் கழித்துச் சொர்ணம் வந்தாள். பள்ளித் தோழி. பத்து காஜா ஆஸ்பத்திரியில் மிஸ்ஸி வேலைக்குச் சேர்ந்து நர்ஸ் தொப்பி வைத்துக்கொண்டிருந்தாள்.

"கிழவனைக் கட்டிக்கப் போறியாமே? பைத்தியமா லா? எங்க ஆஸ்பத்திரிக்கு வா. ஆள் எடுக்கறாங்க. தங்கறதுக்கு உள்ளேயே இடம் இருக்கு. மத்தியானம் வெள்ளைச் சோறு."

"வெள்ளைச் சோறா?"

"தட்டு நிறைய லா. ஞாயித்துக்கிழமை கருவாடு."

நவமணி எச்சிலை விழுங்கினாள். "அப்பா விடமாட்டாரு."

"உங்க கோயில்ல எழுந்து நின்னு, ஆண்டவர் கூப்பிட்டாருன்னு சாட்சி சொல்லிடு. உங்கப்பா சபை மூப்பர். எல்லார் முன்னாலேயும் மாட்டேன்னு சொல்லிடுவாரா?"

மாரியம்மன் கோயிலுக்குப் போகும் சொர்ணத்துக்குச் சாட்சியும் மூப்பரும் எப்படித் தெரியும் என்று நவமணி கேட்டிருக்கலாம். அவள் கேட்டது வேறு.

"என்ன கருவாடு?"

சபை முன்னால் சாட்சி சொன்னபின் அப்பாவால் மறுக்க முடியவில்லை. சித்தியவானுக்கு வருத்தத்தோடு சொல்லி அனுப்பினார். போதகர் நவமணியின் தலையில் கை வைத்து ஜெபித்தார். சபையே பாடி வழியனுப்பியது. அவள் கண்ணை மூடித் தலைகுனிந்து நின்றாள். என்ன அடக்கம் என்று பேசிக்கொண்டார்கள். மூடிய கண்ணுக்குள் தட்டு தெரிந்தது.

முதல் நாள் மத்தியானம் தட்டு வந்தது. மரவள்ளிக்கிழங்கு.

"சோறு எப்ப வரும், அக்கா?" என்று மூத்த மிஸ்ஸியைக் கேட்டாள்.

"ஜப்பான்காரன் போனதும் வரும்."

சொர்ணம் அன்றைக்கு எங்கேயும் கண்ணில் படவில்லை.

ஓடிவிடலாம்தான். ஆனால் அத்தனை பேர் பாடி அனுப்பிய பெண், சோறு இல்லை என்று எப்படித் திரும்பிப் போவது? தோட்டங்களிலிருந்து காலில் புண்ணும் காய்ச்சலுமாக வந்தவர்களுக்குக் கட்டுப் போட்டாள். முதல் வாரம் குமட்டியது. பிறகு குமட்டவில்லை. "மிஸ்ஸி" என்று எந்தக் கட்டிலிலிருந்து குரல் வந்தாலும் கால் தானாக நடந்தது.

மூன்று மாதம் கழித்து ஒரு நாள் லீவில் வீட்டுக்கு வந்தாள். அம்மா பின்கட்டில் கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். அப்பா இல்லை.

"அம்மா, ஆண்டவர் என்னைக் கூப்பிடவே இல்ல. கோயில்ல பொய் சொல்லிட்டேன். சோறு கிடைக்கும்னு சொர்ணம் சொன்னா. அதுக்குத்தான் போனேன். நீங்க வேற அன்னைக்கு அப்படி அழுதீங்க."

அம்மா நிமிரவில்லை. "எவ அழுதா? சிரிப்பு வந்துச்சு. முந்தானையால மூடிக்கிட்டேன்."

"என்னது?"

"சொர்ணத்தை அனுப்பினதே நான்தான்."

"அப்ப அந்தச் சோறு? கருவாடு?"

"சோறு நான் சொன்னது. கருவாடு அவளா சேர்த்துக்கிட்டது."

"வேலைக்குப் போன்னு நேரா சொல்லியிருந்தா போயிருப்பேனே, அம்மா!"

"போயிருக்க மாட்டே. உபதேசியார் அரிசி கொதிக்கறப்ப உன் மூஞ்சியைப் பார்த்தேன். ஆண்டவரே வாசல்ல வந்து கூப்பிட்டிருந்தாலும் உனக்குக் காது கேட்டிருக்காது. அதான் சோத்தைக் காட்டிக் கூப்பிட்டேன்."

"மூஞ்சியைப் பார்த்தே எப்படித் தெரிஞ்சுது?"

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்ப, உங்கப்பா ஒரு டின் பிஸ்கட் கொண்டுவந்தாரு."