சிலோன் காலனி ஓட்டு

வேட்பாளர் சக்கரபாணி சாயங்காலம் சிலோன் காலனிக்கு ஓட்டுக் கேட்டு வருகிறார் என்று ஜீப் மைக்கில் அலறிவிட்டுப் போனதும் சகாதேவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு இங்க வர்றாரு அந்த ஆளு?" என்றார் மனைவி ரேணுகாம்பாளிடம்.

"எந்த மூஞ்சியோ. அவருகிட்டதான் நாலஞ்சு இருக்குதே" என்றாள் அவள், அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எரிச்சல் வராமல் என்ன செய்யும்? அடி அண்ணாமலைக்குப் போகிற வழியில், புறம்போக்கில், அறுபது குடிசைகள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் மூன்று தலைமுறை உழைத்தவர்கள். இரண்டு சர்க்காரும் ஒப்பந்தம் போட்டு, எழுபத்து மூன்றில் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். பதினொரு வருஷமாகக் குடிசை போட்ட மண்ணுக்குப் பட்டா கேட்டு, தாலுகா ஆபீஸ் படியைத் தேய்த்ததுதான் மிச்சம்.

எழுபத்தேழு தேர்தலில் சக்கரபாணி இங்கே வந்தார். நீங்கள் நம்ம ரத்தம், ஜெயித்த மறுநாளே பட்டா என்று கற்பூரத்தை அணைக்காத குறையாகச் சத்தியம் செய்தார். ஜெயித்தார். மறந்தார்.

எண்பதில் காற்று வேறு பக்கம் அடித்தது. காலனிக்காரர்களைப் பற்றி உள்ளூரில் முணுமுணுப்பு என்று தெரிந்ததும், அதே மனிதர் தேரடியில் மேடை போட்டு, எங்கிருந்தோ வந்தவர்கள் நம் இடத்தை வளைத்துக்கொண்டார்கள், நான் வந்தால் காலி செய்ய வைப்பேன் என்று முழங்கினார். அந்தத் தடவை தோற்றார்.

இப்போது எண்பத்து நாலு. போன வருஷம் இலங்கையில் கலவரம் நடந்ததிலிருந்து தமிழ்நாடே சிலோன் தமிழருக்காகக் கண்ணீர் விடுகிறது. சக்கரபாணியும் பெரிய கைக்குட்டையோடு கிளம்பிவிட்டார்.

அந்தக் கலவரத்தில் உயிர் தப்பிப் படகில் வந்த பதினாலு குடும்பங்களை, காலனியை ஒட்டிய பழைய வேர்க்கடலைக் குடோனில்தான் சர்க்கார் தங்க வைத்திருந்தது.

சகாதேவன் வேர்க்கடலை மண்டியில் மூட்டை தூக்குகிறவர். காலனியில் நாலு எழுத்து படித்தவரும் அவர்தான். அதனால் இந்த வாட்டி வாய்ப்பேச்சை நம்புவதில்லை என்று முடிவு செய்து, முதல் நாளே ஒரு மனு எழுதி, வீட்டுக்கு வீடு போய்க் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி வைத்திருந்தார். யார் ஓட்டுக் கேட்டு வந்தாலும் அதில் எழுத்துமூலம் சம்மதம் தர வேண்டும். தந்தால் ஓட்டு, இல்லாவிட்டால் நடையைக் கட்டலாம்.

சாயங்காலம் சக்கரபாணி வந்தார். அடிபம்பு பக்கத்தில் நின்று, தொப்புள்கொடி உறவு என்று ஆரம்பித்து, வளர்த்துக்கொண்டே போய்க் கண்ணைத் துடைத்தார். சகாதேவனுக்குப் பொறுக்கவில்லை.

"தலைவரே, கொஞ்சம் நிறுத்துங்க."

இத்தனை வருஷம் அடக்கி வைத்ததெல்லாம் வெளியே வந்தது.

"எழுபத்தேழுல நாங்க உங்க ரத்தம். எண்பதுல எடத்தை வளைச்ச திருடனுங்க. இப்பத் தொப்புள்கொடி. நாங்க இருந்த எடத்துலயேதான் இருக்கறோம், நீங்கதான் மாறி மாறிப் பேசறீங்க. காலி பண்ணுன்னு மைக்குல ஈஸியா சொல்லிட்டீங்க. அப்படின்னா என்னான்னு உங்களுக்குத் தெரியுமா? பெத்த புள்ளையப் பொதைச்ச மண்ணை விட்டுட்டுக் கப்பல் ஏறினவன் நான். மறுபடியும் மூட்டை கட்டச் சொன்னா எங்க போவேன்?"

கூட்டத்தில் பலமாகக் கை தட்டினார்கள். குடோனிலிருந்து வந்து ஓரமாக நின்றிருந்தவர்கள்தான் எல்லாரையும்விட ஜாஸ்தி தட்டினார்கள். அவர்களில் ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சக்கரபாணி அசரவில்லை. எத்தனையோ கூட்டம் பார்த்தவர். மைக்கைத் தொண்டரிடம் கொடுத்துவிட்டு, சகாதேவனின் தோளில் கை போட்டு, ஜீப்புக்குப் பின்னால் தனியாக அழைத்துப் போனார்.

"நீ பேசினது நியாயம்ப்பா. என்னா செய்யணும், சொல்லு."

சகாதேவன் மனுவை நீட்டினார். அதில் இரண்டே கோரிக்கைகள். முதல் கோரிக்கை, அறுபது வீட்டுக்கும் பட்டா. சக்கரபாணி தலையாட்டினார். இரண்டாவதைப் படித்ததும் அவர் புருவம் உயர்ந்தது. மறுபடியும் ஒருமுறை படித்தார்.

'காலனிக்கு அருகில் குடோனில் தங்க வைக்கப்பட்டுள்ள, படகில் வந்த பதினாலு குடும்பங்களையும் பொங்கலுக்குள் வேறு ஊருக்கு அப்புறப்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம்.'

"என்னப்பா இது? அவங்களும் உங்க ஊர் ஜனம்தானே?"

"நாங்க பாஸ்போர்ட்டோட முறையா வந்தவங்க தலைவரே. இவங்க ராத்திரியோட ராத்திரியா படகுல வந்து எறங்கிட்டாங்க. இப்ப மண்டியில பாதிக் கூலிக்கு மூட்டை தூக்கறாங்க. விட்டா எங்க பொழப்பு என்னாவறது?"

சக்கரபாணி பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போடுமுன் குரலைத் தாழ்த்தி ஒன்றே ஒன்று கேட்டார்.

"இவங்களுக்கு ஓட்டு இருக்குதா?"

"ஒண்ணுகூட இல்லீங்க" என்று சொல்லிவிட்டு, தலைவர் காகிதத்தை வைத்து எழுத வசதியாகத் தன் முதுகைக் குனிந்து காட்டினார் சகாதேவன்.