பெயின்ட் வாளியில் ஒரு கிளை

லாரி வாசலில் உறுமிக்கொண்டு நிற்கிறது. பீரோ, கட்டில் எல்லாம் ஏறியாகிவிட்டது. மிச்சம் மொட்டைமாடித் தக்காளிகள்தான். பழைய பெயின்ட் வாளிகளில் வளர்த்த செடிகளைத் தச்சரின் மனைவி ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டு வருகிறாள். அவள் இறங்கும் ஒவ்வொரு படிக்கும் அவை தலையாட்டுகின்றன. தச்சரோ கொல்லையில், தான் தரையில் நட்ட தக்காளிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார். வேலையில் மிஞ்சிய மரச்சட்டங்களைக் கொண்டு அவரே அடித்த பந்தலையும் மீறி வளர்ந்து, செடி கொத்துக் கொத்தாகக் காய்த்துக் கிடக்கிறது. காலை வெயில் இலைகளுக்குள் புகுந்து அவர் முழங்கையில் புள்ளி புள்ளியாக விழுகிறது. "வாளியில வளர்றதெல்லாம் ஒரு செடியா? பொம்மை!" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்த மனிதர், இது வாடகை வீடு என்பதை அடியோடு மறந்துவிட்டார். இப்போது மண்வெட்டியை வேரருகே வைத்துப் பார்க்கிறார். கை வரமாட்டேன் என்கிறது.

"தோண்டாதீங்க, காயோட வாடிப்போயிடும். அடுத்து வர்றவங்க சாப்பிட்டுட்டுப் போகட்டும்" என்றபடி மனைவி கடைசி வாளியை அவர் பக்கத்தில் இறக்குகிறாள். அதில் முழ உயரத்துக்கு ஒரு செடி, நுனியில் ஒற்றை மஞ்சள் பூ.

"இது எப்ப வச்சே?"

"வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்ன அன்னிக்கே. உங்க செடியிலதான் ஒரு பக்கக்கிளையைக் கிள்ளி நட்டேன்."

தச்சர் மண்வெட்டியைச் சுவரில் சாத்துகிறார். வாளியை நெஞ்சோடு அணைத்துத் தூக்குகிறார்.

"பின்னால வச்சா ஆடும். நான் மடியிலயே வச்சுக்கறேன்."

"ஏங்க, பொம்மை வச்சு விளையாடற வயசா உங்களுக்கு?" என்கிறாள் அவள்.