அண்ணனின் கட்சி

"தலைவரே, நம்ம எம்.பி. நாடாளுமன்றத்துல ஆளுங்கட்சிப் பக்கம் போய் உக்காந்துட்டாராம். பிரதி அமைச்சர் பதவியாம்."

இலங்கை மலையகத்தில், ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கட்சிக் கிளைக்குத் தலைவராக இருக்கும் நாகலிங்கம் போனை வைத்தார்.

"அப்ப நீங்களும் உங்க அண்ணனும் இனி ஒரே கட்சி" என்றாள் மனைவி ஜீவராணி. அவள் முகத்தில் சிரிப்பில்லை.

அண்ணன் செல்லசாமி அந்தக் கட்சிக்கு மாறி ஆறு வருஷம். "கட்சிய விட்டுப் போனவன் எனக்கு அண்ணனே இல்ல" என்று அன்றைக்குச் சொன்னவர்தான் நாகலிங்கம். ஒரே லயத்து வரிசை வீடுகளில் நாலு வீடு தள்ளித்தான் அண்ணன் வீடு. அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை.

நாகலிங்கம் சட்டையை மாட்டிக்கொண்டார்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"அண்ணனப் பாத்துட்டு வந்துர்றேன்."

அண்ணன் வீட்டு வாசலில் அண்ணி நாகலெட்சுமி நின்றிருந்தாள். அவளை நிமிர்ந்து பார்க்காமல் கடந்து, தேயிலை மலையில் ஏறினார். உச்சியில், இன்னும் புல் முளைக்காத மண்மேட்டின் முன்னால் உட்கார்ந்தார்.

போன மாதம் அண்ணனின் பெட்டியின் மேல் அந்தக் கட்சிக் கொடியைப் போர்த்தியிருந்தார்கள் என்று, நாகலிங்கம் அடக்கத்துக்கு வரவில்லை.

"இப்ப நாம ஒரே கட்சிதாண்ணே" என்றவர், அன்று போடாத பிடி மண்ணை அள்ளிப் போட்டார்.