ஒரே ஒரு பந்து

"இடது தோள் பின்னால போகுது பார், சின்னையன். கொஞ்சம் முன்னால கொண்டா" என்றார் கிருஷ்ணபிரசாத்.

சின்னையன் தோளைத் திருப்பினார். இடுப்பும் கூடவே போனது. இடுப்பை நிறுத்தினால் முட்டி கோணியது. காலையிலிருந்து இதே பிழைப்பு. மாமல்லபுரத்துக் கடற்காற்றும் வெயிலும் சேர்ந்து கழுத்தில் உப்பாக வழிந்தன.

"குழியைப் பாத்து நெஞ்சைத் திருப்பாதே. பந்து போற கோடு ஒண்ணு, உன் கால் நிக்கிற கோடு ஒண்ணு. ரெண்டும் தண்டவாளம் மாதிரி போகணும். முட்டி, இடுப்பு, தோள் எல்லாம் காலோட கோட்டுல. அப்பா எப்படி நிப்பார்?"

சின்னையனுக்குத் தெரியாததா? ஈ.சி.ஆர். ரோடு வருவதற்கு முன்பிருந்தே ஓட்டல் முதலாளி பாஷ்யத்தின் கோல்ஃப் பையைத் தூக்கியவர் அவர். "ஒரு நாள் நீயும் அடிச்சுப் பாருடா" என்று பெரியவர் சொல்லிக்கொண்டே இருந்தார். சொல்லிக்கொண்டே போன தையில் செத்தும் போனார். மட்டையைத் துடைத்துத் துடைத்தே தேய்ந்த கைக்கு, ஒரே ஒரு பந்தை அடிக்க வாய்க்கவில்லை.

நேற்று பெரியவரின் மகன் கிருஷ்ணபிரசாத் கூப்பிட்டு, அப்பாவின் சட்டை, பேண்ட்டு, ஷூவைக் கொடுத்து, "போட்டுக்கிட்டு வா, சரியா நிக்கக் கத்துத் தரேன்" என்றபோது சின்னையன் நம்பவில்லை. பணம் உள்ளவன் சும்மா எதையும் தரமாட்டான்.

"உனுக்கு ஆட்டம் கத்துத் தராங்களாமா? போய்யா. நாஸ்தாவயாச்சும் துன்னுட்டுப் போ" என்று மனைவி காசியம்மாள் கூடச் சிரித்தாள்.

புல்வெட்டும் மிஷினை நிறுத்திவிட்டு ஜெபசிங் கத்தினான். "இன்னா நைனா, மாப்ள கணக்கா கீற! அடிக்கிற அடில பந்து கடப்பாக்கத்துல போயி வுழணும், ஆமா!"

"வேலையப் பாருடா, கய்தே!"

அதட்டினாரே தவிர, பாழும் ஆசை உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது.

புருவமெல்லாம் வெள்ளைத் தூள் அப்பிய ஒருவர் கயிற்றை நீட்டி அவர் தோளை அளந்தார், பிறகு முட்டியை அளந்தார். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுகிற ஆள் போலிருக்கிறது என்று சின்னையன் நினைத்துக்கொண்டார்.

இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். ஒருவழியாகக் காலும் முட்டியும் இடுப்பும் தோளும் ஒரே கோட்டுக்கு வந்தன.

"அப்படியே இரு! அசையாதே!" கிருஷ்ணபிரசாத் கை தட்டினார்.

சின்னையன் மட்டையை இறுக்கிப் பிடித்தார். கீழே வெறும் புல்தான் இருந்தது.

"சட்டுனு பந்த வையி சார். தோளு மறுபடியும் கோணிக்கும்."

கிருஷ்ணபிரசாத் அதைக் காதில் வாங்கவில்லை. கயிறு பிடித்தவர் பக்கம் திரும்பினார்.

"உடம்புக்கு இவன் போதும் ஸ்தபதி, சிலைக்குத் தலையை மட்டும் அப்பா போட்டோவைப் பாத்துச் செதுக்கிடுங்க!"