முதலிடத்து நாற்காலி

“ஓரகத்திங்க ரெண்டு பேரையும் ஒரே அணியில சேர்க்கிறப்பவே சொன்னேன், இது குடும்பத்துக்கு ஆகாதுன்னு. யார் கேட்டீங்க?” என்றார் நாத்தனார், ஈரக் குடையை உதறியபடி.

அவருடைய மூத்த தம்பி மலையடிவாரத்துக் கூடாரத்தில் நின்று, மனைவியின் சைக்கிளிலிருந்து சேற்றை வழித்துக்கொண்டிருந்தான்.

அந்த மனைவி, வீட்டில் பெரியவள், சற்று முன்புதான் மலையுச்சியிலிருந்து பாய்ந்து இறங்கியிருந்தாள். அதுவரை இறங்கியவர்களில் அவளுடைய நேரமே குறைவு. ஆகவே அந்தப் பந்தயத்தின் வழக்கப்படி, எல்லைக்கோட்டை ஒட்டிப் போட்டிருந்த வெள்ளை நாற்காலியில் அவளை உட்காரவைத்தார்கள். அவளை ஒருத்தி முந்தும்வரை அந்த நாற்காலி அவளுக்கு.

உச்சியில் இன்னும் சிலர் பாக்கி. தகுதிச் சுற்றில் எல்லோரையும் முந்தியவள் கடைசியாக இறங்குவாள். அவள் இளைய தம்பியின் மனைவி, சின்னவள்.

இந்தத் தம்பிகள் நடத்தும் சைக்கிள் கடையின் பின்னறையில் தொடங்கிய அணி அது. ஓட்டுவதற்கு ஆள் கிடைக்காத காலத்தில் மனைவிமார் இருவரும் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டார்கள். தொழில்முறை அணியாகப் பதிவு பெற்றது இந்த ஆண்டுதான். புதிதாக வந்த மேலாளர் தாட்சண்யம் அறியாதவர். அடுத்த ஆண்டு வெளிநாட்டுப் பந்தயங்களுக்கு ஒரு பெண்ணைத்தான் அழைத்துப்போக முடியும். இன்று யார் முந்துகிறாளோ அவளுக்கே அந்த இடம் என்று காலையிலேயே இருவரையும் நிறுத்திவைத்துச் சொல்லிவிட்டார். இருவரும் தலையாட்டினார்கள். அதற்குப் பிறகு ஒருவரோடு ஒருவர் பேசியதை யாரும் பார்க்கவில்லை.

நாற்காலியில் அமர்ந்ததும் பெரியவள் கணவனுடைய கைபேசியை வாங்கி உச்சிக்கு அழைத்தாள். அங்கே இருந்த கொழுந்தன் தன் கைபேசியைச் சின்னவளின் காதில் வைத்தான்.

“பெரிய பாறைக்குக் கீழே இடப்பக்கம் போகாதே. வலப்பக்கமா சுத்தி வா. ஏன்னு கேட்காதே, வா,” என்று சொல்லிக் கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

நாத்தனாருக்கு இது போதுமானதாக இருந்தது. தம்பியை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். இடப்பக்கம்தானே குறுக்குவழி, காலையிலிருந்து ஒருத்தி விடாமல் அப்படித்தானே இறங்குகிறார்கள் என்று கேட்டார். அவன் ஆமாம் என்றான்.

“உன் பெண்டாட்டியும் அதுலதானே வந்தா? தான் குறுக்குல வந்து நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டு, அவளை மட்டும் ஊரைச் சுத்தி வரச் சொல்றா. நல்லா இருக்குடா நியாயம்.”

“கொஞ்சம் சும்மா இரு அக்கா,” என்றான் தம்பி. ஆனால் அவன் குரலில் தெம்பு இல்லை. அதே கேள்வி அவனுக்குள்ளும் இருந்தது.

அடுத்தடுத்து இறங்கியவர்கள் யாரும் பெரியவளின் நேரத்தை நெருங்கவில்லை. சின்னவளுக்கு முன்னால் இறங்கிய பெண் மட்டும் காற்றாகப் பறந்து வந்தாள். பெரிய பாறையைத் தாண்டி இடப்பக்கம் திரும்பியவள் அங்கேயே கவிழ்ந்தாள். காலையிலிருந்து அத்தனை சக்கரங்கள் உழுது போட்டதில் குறுக்குவழி முழங்கால் அளவு சேறாகிக் கிடந்ததை, எல்லைக்கோட்டருகே வைத்திருந்த பெரிய திரை எல்லோருக்கும் காட்டியது. அவள் அடிபடாமல் எழுந்து கையசைத்தாள். நாத்தனார் குடையின் பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்னவள் புறப்பட்டாள்.

அவள் மலையின் பாதிக்கு வந்தபோது கீழே நேரப் பலகை சிவப்பாக ஒளிர்ந்தது. பெரியவளைவிட அவள் பின்தங்கியிருந்தாள். பாறை வந்தது. ஒரு கணமும் தயங்காமல் வலப்பக்கம் சாய்த்தாள். சரளைக்கல்லில் சக்கரம் உறுதியாகப் பிடித்தது. சேற்றில் எல்லோரும் விட்ட வேகத்தை அவள் அந்த வளைவில் அள்ளிக்கொண்டாள். மரங்களுக்கிடையே வெளிப்பட்டபோது பலகை பச்சையாக மாறியிருந்தது.

கூட்டம் எழுந்து நின்று தடுப்புப் பலகைகளைத் தட்டத் தொடங்கியது. பெரியவளும் எழுந்தாள். ஆனால் அவள் பாதையைப் பார்க்கவில்லை. முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, நாற்காலிக்கு முன்னால் குனிந்து முட்டி போட்டுவிட்டாள்.

“பார்த்தியா?” என்றார் நாத்தனார், மெல்லிய குரலில். “வாயால வழி சொல்லிட்டா. மனசு கேட்கலை. அவ ஜெயிக்கிறதைக் கண்ணால பார்க்க முடியலை பாரு.”

சின்னவள் கடைசிச் சரிவில் அந்தரத்தில் எழும்பி, மண்ணைத் தொட்டு, எல்லைக்கோட்டைக் கடந்தாள். ஒரு நொடிக்கும் குறைந்த வித்தியாசத்தில் முதலிடம் அவளுக்கு. இரண்டாமிடம் பெரியவளுக்கு. பின்னறையில் பிறந்த அணி, பெரிய அணிகளையெல்லாம் இரண்டாமிடத்துக்குக் கீழே தள்ளியிருந்தது. தாட்சண்யம் அறியாத மேலாளர் பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிக்கொண்டு குதித்தார். ஒலிபெருக்கியில் அணியின் பெயரை இரண்டு முறை சொன்னார்கள்.

“ஜெயிச்சவ கிடக்கட்டும், நீ போய் உன் பெண்டாட்டியைத் தேத்து,” என்று நாத்தனார் தம்பியின் தோளைத் தள்ளினார். “முகத்தை மறைச்சு அழுதுக்கிட்டிருக்காளோ என்னவோ.”

அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினான்.

பெரியவள் இன்னும் முட்டி போட்டபடியே இருந்தாள். சட்டைக் கையை உள்பக்கமாகத் திருப்பி, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“பச்சை விழுந்ததுமே ஆரம்பிச்சேன், இந்தச் சேறு போகமாட்டேங்குது,” என்றாள் தலை நிமிராமல். “அவளை அங்கேயே கொஞ்சம் நிறுத்துங்க. அவ வந்து உட்காரணும்.”