டாரலுக்குப் பங்கு இல்லை

நெப்ராஸ்காவில் கால்நடை ஆஸ்பத்திரி நடத்தும் வெர்லின் வக்கீலிடம் கேட்டான்: "தம்பி டாரல் பாதி கேக்குறான், சார். எப்படிக் கழட்டிவிடுறது?"

"ஆஸ்பத்திரியைத் தொழில்முறை நிறுவனமாப் பதிஞ்சிடுங்க. டாக்டர் லைசென்ஸ் இல்லாதவங்களுக்கு அதுல ஒரு பங்குகூடக் கிடையாது."

"கூடப்பொறந்தவனா இருந்தாலும்?"

"யாரா இருந்தாலும்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி லோரீன் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "வியாபாரப் பேச்சுல குறுக்க வராதே," என்று அடக்கினான் வெர்லின்.

வக்கீல் படிவத்தை எடுத்தார். "உங்க லைசென்ஸ் நம்பர்?"

வெர்லின் மனைவியைக் காட்டினான். "நான் கல்லாவைப் பாக்குறேன், சார். மாட்டைப் பாக்குற டாக்டர் இவதான்."

லோரீன் நம்பரைச் சொன்னாள்.

"எல்லாப் பங்கும் எனக்குத்தானே, சார்?" என்று கேட்டாள்.

வக்கீல் தலையாட்டினார்.

"டாரலை வேலைக்கு வச்சுக்கிறேன். இவரைப் பத்தி யோசிச்சுச் சொல்றேன்."